பில்டர் பூட்டியும் தண்ணி சரிவரவில்லையா? வன்னிக் கிணறுகளுக்கு அறிகுறி பார்த்து ஒரு வழி

இலங்கையின் வன்னியில் தண்ணி வளவுக்கு வளவு மாறும். வவுனியாப் பக்கம் கருங்கல் உடைத்து இறக்கிய கிணறுகளில் கல்லும் (தண்ணியில் கரைந்திருந்து கேத்திலில் வெள்ளையாகப் படிவது) புளோரைட்டும். பூநகரி, முழங்காவில், முருங்கன் பக்கம் சுண்ணக்கல், சில இடங்களில் சவர் (உப்புத் தண்ணி). முல்லைத்தீவுக் கரையோர மணலில் மேலே நல்ல தண்ணி, கீழே உப்பு. கடையில் அடுக்கி வைத்திருக்கும் பில்டருக்கு இது எதுவும் தெரியாது. "பில்டர் பழுதாப் போச்சு" என்று கழற்றிக்கொண்டு வருகிறவற்றில் பெரும்பாலானவை பழுதே இல்லை, அந்தத் தண்ணிக்குப் பொருந்தாதவை. அதனால் விலை கேட்பதற்கு முன் அறிகுறியைப் பாருங்கள்.

எது எதைப் பிடிக்கும் என்பதை மட்டும் மனதில் வைத்தால் போதும். பஞ்சு போன்ற வெள்ளைக் காட்ரிஜ் (5 மைக்ரோன்) மண்ணையும் துருவையும் பிடிக்கும், கிருமியைப் பிடிக்காது. காபன் மணத்தையும் குளோரினையும் எடுக்கும், உப்பையும் கல்லையும் எடுக்காது. செரமிக் கேண்டிலும் முகாமுக்குக் கொண்டுபோகும் நுண்குழாய் பில்டரும் (0.1 அல்லது 0.2 மைக்ரோன்) பக்டீரியாவைப் பிடிக்கும், வைரசை நம்பிக்கையாகப் பிடிக்காது, கரைந்தது எதையும் தொடாது. உப்பு, புளோரைட், நைத்திரேற்று, கல் எல்லாவற்றையும் குறைப்பது ஆர்.ஓ. (அமுக்கம் கொடுத்துத் தண்ணியை நுண்சவ்வுக்குள்ளால் தள்ளும் கருவி) மட்டும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். கரைந்த உப்பும் புளோரைட்டும் அப்படியே இருக்கும், தண்ணி வற்ற வற்றக் கூடும்.

எந்த அறிகுறிக்கும் முதலில்: போத்தல் சோதனை

நிறமில்லாத 1.5 லீற்றர் போத்தல்கள் இரண்டு எடுங்கள். ஒன்றில் கிணற்றில் இருந்து நேரே அள்ளிய தண்ணி, மற்றதில் குசினிக் குழாய்த் தண்ணி. மூடி, நிழலில் ஒரு இரவு வையுங்கள். கிணற்றுத் தண்ணி நல்லாக இருந்து குழாய்த் தண்ணி கெட்டிருந்தால் பிழை தாங்கியிலும் பைப்பிலும்தான், பில்டருக்குக் காசு செலவழிக்க வேண்டாம். இரண்டும் ஒரே மாதிரி என்றால் கீழே வாருங்கள்.

டி.டி.எஸ். மீற்றர் ஒன்று வாங்கி வைப்பது நல்லது. ஆனால் அது காட்டுவது கரைந்த உப்புகளின் மொத்தத்தை மட்டும். "மீற்றரில் 150தான், குடிக்கலாம்" என்பது பிழையான பேச்சு. மலக்குழி ஊறிய தண்ணியும் 150 காட்டும்.

## அறிகுறி 1: பில்டரில் தண்ணி மெதுவாக வருகிறது, அல்லது நின்றுவிட்டது

அதிகம் வரும் முறைப்பாடு இது. பில்டர் வகையைப் பார்த்துப் பிரிந்து போங்கள்.

செரமிக் கேண்டில் என்றால்

கேண்டில் மெதுவாக விடுவதே இயல்பு. வழமையை விட மெதுவானால் முதலில் மேல் பாத்திரத்தில் தண்ணி நிறைய இருக்கிறதா என்று பாருங்கள். உயரம் குறைந்தால் வேகமும் குறையும். புதுக் கேண்டிலை மாட்டுமுன் சில மணி நேரம் தண்ணியில் ஊற வைத்திருக்க வேண்டும், காய்ந்த கேண்டிலுக்குள் காற்று அடைத்து நிற்கும்.

அடுத்தது அழுக்கு. கேண்டிலைக் கழற்றி, ஓடும் தண்ணியில் மென்மையான பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தேயுங்கள். சவர்க்காரம் வேண்டாம், சாம்பலும் வேண்டாம், இரண்டும் நுண்துளைக்குள் போய்விடும். கழுவும்போது கேண்டிலின் அடித்தண்டுத் துளைக்குள் கழுவும் தண்ணி போகக்கூடாது, விரலால் பொத்திக்கொள்ளுங்கள். அது சுத்தமான பக்கம்.

தேய்த்தும் பழைய வேகம் வரவில்லை, மேலே வெள்ளையாகச் சொரசொரப்பாக இருக்கிறது என்றால் கல் படிந்திருக்கிறது. காபன் உள்ளே இல்லாத வெறும் செரமிக் என்றால் வினாகிரியில் அரை மணி நேரம் ஊறவிட்டு, நல்லாகக் கழுவி, முதல் இரண்டு பாத்திரத் தண்ணியை ஊற்றிவிடுங்கள். கிழமைக்கொரு தடவை இப்படிச் செய்ய வேண்டியிருந்தால் கேண்டில் உங்கள் தண்ணிக்குத் தோதல்ல. அறிகுறி 4க்குப் போங்கள்.

தேய்த்துத் தேய்த்துக் கேண்டில் மெலிந்துபோனால் மாற்றுங்கள். சில தயாரிப்புகளுடன் அளவு பார்க்கும் வளையம் வரும். வளையம் கேண்டிலைத் தாண்டி விழுந்தால் அதன் காலம் முடிந்தது.

முகாம், பயணத்துக்கான நுண்குழாய் பில்டர் என்றால்

பை அமத்தி வடிக்கும் வகை, குழாயால் உறிஞ்சும் வகை இரண்டுக்கும் இது பொருந்தும். வாங்கும்போது தந்த ஊசிக்குழாயில் சுத்தமான தண்ணி எடுத்து, வெளியே வரும் பக்கத்தில் இருந்து உள்ளே அமத்தித் தள்ளுங்கள். மெதுவாகத் தள்ளினால் பலனில்லை, பலமாக, நாலைந்து தடவை. வெளிவரும் தண்ணி தெளியும் வரை செய்யுங்கள். குளத்துத் தண்ணியாலேயே பின்கழுவினால் சுத்தமான பக்கத்தை நீங்களே அழுக்காக்குகிறீர்கள்.

போன வருடம் கழுவாமல் காயவிட்டு அலுமாரியில் வைத்த பில்டர் இந்த வருடம் ஒரு சொட்டும் விடாது. சுடுதண்ணியில் (கை பொறுக்கும் சூடு, கொதிநீர் அல்ல) ஒரு மணி நேரம் ஊறவிட்டுப் பின்கழுவுங்கள். அசையாவிட்டால் வெள்ளை வினாகிரியில் அரை மணி நேரம். வன்னித் தண்ணிக்கு வினாகிரிதான் பெரும்பாலும் கைகொடுக்கும், ஏனென்றால் அடைத்திருப்பது சேறு மட்டுமல்ல, காய்ந்த கல்லும்தான். அதற்கும் மசியாவிட்டால் எறிந்துவிட்டுப் புதிது வாங்குங்கள். அமத்தி அமத்திப் பையைக் கிழிப்பதில் லாபமில்லை.

காட்ரிஜ் பில்டர் என்றால்

காட்ரிஜ்ஜைக் கழற்றிவிட்டு வெறும் கூட்டை மாட்டித் திறந்து பாருங்கள். தண்ணி பாய்ந்தால் காட்ரிஜ் அடைப்பு, மாற்றுங்கள். பாயாவிட்டால் வால்வு, பைப், தாங்கியின் உயரம். இரண்டு கிழமையில் காட்ரிஜ் செங்கல் நிறமானால் இரும்பு. காட்ரிஜ் வாங்கி வாங்கிக் கொட்டாமல் அறிகுறி 2ஐப் பாருங்கள்.

ஆர்.ஓ. என்றால்

இங்கே நடக்கும் பெரிய பிழை அமுக்கம். வீட்டு ஆர்.ஓ.வின் சவ்வு ஒழுங்காக வேலை செய்ய ஏறத்தாழ 40 பி.எஸ்.ஐ. வேண்டும். 20 அடி உயரத்தில் நிற்கும் தாங்கி தருவது 9 பி.எஸ்.ஐ. கூட இல்லை. பூஸ்ரர் பம் இல்லாமல் தாங்கியில் இருந்து நேரே கொடுத்தால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும், கழிவுக் குழாயால்தான் முழுதும் போகும். பம் இருந்தும் மெதுவென்றால் இந்த வரிசையில் பாருங்கள்:

1. முன் காட்ரிஜ்கள் மாற்றி ஆறு மாதம் தாண்டிவிட்டதா.
2. சேமிப்புக் கலத்தின் காற்று. தண்ணி முழுதும் வடித்தபின் சைக்கிள் வால்வு போன்ற இடத்தில் அளந்தால் 7 பி.எஸ்.ஐ. அளவில் இருக்க வேண்டும். குறைந்தால் சைக்கிள் பம்பால் அடிக்கலாம். காற்று அடிக்கிற வால்வால் தண்ணி கசிந்தால் உள்ளிருக்கும் ரப்பர் கிழிந்துவிட்டது, கலத்தையே மாற்ற வேண்டும்.
3. கழிவுக் குழாயில் தண்ணி ஓடுகிறதா. ஓடவே இல்லையென்றால் சிறு தடுப்பான் கல்லால் அடைத்திருக்கும்.
4. கடைசியாகச் சவ்வு. உள்ளே போகும் தண்ணியையும் வெளிவரும் தண்ணியையும் மீற்றரால் அளந்து பாருங்கள். 800 போய் 60 வந்தால் சவ்வு நல்லது. 800 போய் 200 வந்தால் மாற்றும் நேரம்.

சவ்வு விலை கூடிய பொருள். அதனால் மாற்றச் சொல்லும் ஆள் மீற்றரைக் காட்டாமல் மாற்றச் சொன்னால், முதலில் அளந்து காட்டும்படி கேளுங்கள். மூன்று வருடம் ஓடவேண்டிய சவ்வு ஒரு வருடத்தில் முடிந்தால் காரணம் பெரும்பாலும் இரும்பும் கல்லும். அவற்றை முன்னால் பிடிக்காமல் புதுச் சவ்வு போட்டால் அதுவும் அப்படியே முடியும்.

## அறிகுறி 2: அள்ளும்போது தெளிவு, வைத்தால் செம்மஞ்சள்

குழாய்க் கிணறுகளில் இது வழமை. நிலத்துக்குள் காற்றுப்படாமல் கரைந்து கிடந்த இரும்பு, காற்றுப் பட்டதும் துருவாகப் படிகிறது. வீட்டிலேயே பிடிக்கலாம்: சாயம் கூடிய பிளேன்ரீ ஊற்றுங்கள், தேத்தண்ணி கறுத்துப்போனால் இரும்பு. கொய்யா இலையைக் கசக்கிப் போட்டாலும் தண்ணி ஊதாக் கறுப்பாகும். குடிதண்ணிக்கான இலங்கைத் தர நியமம் 614இன்படி இரும்பு லீற்றருக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. நாக்கில் துருச்சுவையாகத் தெரிந்தால் அந்த அளவு ஏற்கெனவே தாண்டியிருக்கும்.

காலையில் முதல் வாளி மட்டும் சிவந்து, பிறகு தெளிவாக வந்தால் பழைய இரும்புக் குழாயின் துரு. குழாயை பி.வி.சி.க்கு மாற்றினால் முடிந்தது.

எல்லா வாளியும் சிவந்தால் தண்ணியிலேயே இரும்பு. மலிவான வழி காற்றூட்டி மணலில் வடிப்பது. 200 லீற்றர் பரலின் அடியில் 10 முதல் 15 சென்ரிமீற்றர் கழுவிய சல்லி, அதன்மேல் 50 சென்ரிமீற்றர் கழுவிய ஆற்று மணல். அதற்கு முன்னால் இன்னொரு பரல்: அதற்குள் ஓட்டை போட்ட பைப்பால் மழைபோல் கொட்டவிட்டு, ஒரு இரவு நிறுத்தி, மேல்தண்ணியை மட்டும் மணலுக்கு விடுங்கள். மணலின் மேல் படியும் செம்படிவை மாதத்துக்கொரு தடவை இரண்டு விரல் ஆழம் வழித்து எடுத்து, கழுவிய மணல் போட வேண்டும். இதற்குப் பிறகே கேண்டிலோ ஆர்.ஓ.வோ.

மலசலகூடத் தண்ணிப் பெட்டிக்குள் வழுவழுப்பான செந்நிறச் சளி இருந்தால் அது இரும்புப் பக்டீரியா. குழாய்க் கிணற்றுக்குக் குளோரின் அடிக்க வேண்டும். குழாயும் பம்மும் மேலே எடுக்க வேண்டி வரும் வேலை அது, குழாய்க் கிணறு அடிக்கிற ஆட்களைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 3: மாரியில் கலங்கல், அல்லது வெள்ளம் கிணற்றுக்குள் போய்விட்டது

இரண்டும் ஒன்றல்ல. பெருமழைக்குப் பின் ஓரிரு நாள் மங்கலாக இருந்து தெளிவது வேறு, வெளித்தண்ணி கட்டுக்கு மேலால் உள்ளே இறங்கியது வேறு.

மங்கல் மட்டும் என்றால் கிணற்றுக் கட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். தளத்தில் வெடிப்பு, கட்டுக்கும் நிலத்துக்கும் இடையில் இடைவெளி, கப்பிக் கயிறு விழும் பக்கம் பள்ளம், இவற்றில் ஒன்றாவது இருக்கும். சீமெந்து பூசி, தண்ணி வெளியே வழியும்படி சரிவு விடுங்கள். அதுவரை வாளியில் ஒரு இரவு தெளியவிட்டு மேல்தண்ணியை எடுக்கலாம். தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்து விடுவது இன்னும் நல்ல முறைதான். படிகாரம் என்றால் 20 லீற்றருக்கு ஏறத்தாழ ஒரு கிராம் கரைத்துக் கலக்கி, அரை மணி நேரம் விடுங்கள். இரண்டும் மண்ணைத்தான் இறக்கும். கொதிக்க வைக்கவோ குளோரின் போடவோ வேண்டும்.

வெள்ளம் போய்விட்டது என்றால் எந்தப் பில்டரும் போதாது. 2018 மார்கழியில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வந்தது போன்ற வெள்ளத்தில் மலக்குழியும் வயலும் கிணறும் ஒன்றாகிவிடும். கிணற்றைத் துப்புரவாக்கும் வரை குடிக்க வேறு இடத்தில் இருந்து நல்ல தண்ணி எடுங்கள்.

துப்புரவாக்கும் ஒழுங்கு:

முதலில் மோட்டரின் மின்னிணைப்பு நனைந்திருந்தால் மின்னியலாளர் பார்க்காமல் சுவிட்சைப் போடாதீர்கள்.

மண்ணெண்ணெய், பெற்றோல் வோட்டர் பம்மை எக்காரணம் கொண்டும் கிணற்றுக்குள் இறக்காதீர்கள். உள்ளே ஓடும் இயந்திரத்தின் புகையில் காபனோரொட்சைட்டு உண்டு. மணமில்லை, இறங்கினவர் மயங்கி விழுவார், தூக்கப் போனவரும் விழுவார். விளக்கு இறக்கிப் பார்க்கும் பழைய சோதனை இந்த வாயுவைக் காட்டாது. பம் மேலே நிற்கட்டும், குழாய் மட்டும் உள்ளே போகட்டும். ஆழம் கூடி மேலிருந்து உறிஞ்ச முடியாதென்றால் மின்சார நீர்மூழ்கிப் பம்மும் அதற்கான ஆளும் வேண்டும்.

ஒரேயடியாக இறைத்து வற்றடிக்காதீர்கள். சுற்றியுள்ள நிலம் ஊறிக் கிடக்கும்போது உள்ளே வெறுமையானால் வளையங்களும் கட்டும் உள்வாங்கும். பாதி இறைத்து, ஊற விட்டு, மறுபடி இறையுங்கள். கரையோரம் என்றால் இன்னும் கவனம்: 2004 ஆழிப்பேரலைக்குப் பின் அளவுக்கு மீறி இறைத்த கிணறுகளில் கீழிருந்த உவர் மேலே ஏறியது.

தண்ணி ஓரளவு தெளிந்ததும் கொள்ளளவைக் கணக்கிடுங்கள். விட்டத்தை அடியில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, தண்ணியின் ஆழத்தால் (அடி) பெருக்கி, 22ஆல் பெருக்கினால் லீற்றர். 10 அடி விட்டம், 6 அடி தண்ணி என்றால் 10 × 10 × 6 × 22 = 13,200 லீற்றர்.

30 சதவீதக் குளோரின் உள்ள டி.சி.எல். பவுடர் என்றால் 1,000 லீற்றருக்கு 170 கிராம். மேலுள்ள கிணற்றுக்கு ஏறத்தாழ இரண்டேகால் கிலோ. இது லீற்றருக்கு 50 மில்லிகிராம் குளோரின், குடிக்கும் அளவல்ல, கிணற்றைக் கழுவும் அளவு. 20 லீற்றர் வாளிக்கு அரைக் கிலோவுக்கு மேல் போடாமல், தண்ணிக்குள் பவுடரைப் போட்டு (பவுடர் மேல் தண்ணி ஊற்றக்கூடாது) கலக்கி, மண்டி அடங்கவிட்டு, தெளிந்த நீரைக் கிணற்றின் சுவரோரமெல்லாம் சுற்றி ஊற்றுங்கள். மலசலகூடம் கழுவும் அசிட்டுடன் இந்த வாளியைச் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும். திறந்து மாதக்கணக்காகக் கிடந்த பவுடரில் வீரியம் இருக்காது.

ஒரு இரவு விட்டு, குளோரின் மணம் போகும் வரை இறைத்து ஊற்றுங்கள். மரக்கறிப் பாத்திக்கும் குளத்துக்கும் விடவேண்டாம். தாங்கியும் பைப்பும் இதே தண்ணியால் நிறைந்து ஒரு இரவு நிற்கட்டும், இல்லையேல் கழுவின கிணற்றுத் தண்ணி அழுக்குத் தாங்கிக்குள்தான் போகும்.

பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிப் பக்டீரியாப் பரிசோதனைக்கு மாதிரி எடுப்பியுங்கள். கிருமி நீக்கிய போத்தலில் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வுகூடம் போய்ச்சேர்வது நல்லது. சோடாப் போத்தலில் கொண்டுபோனால் போத்தலின் கிருமியைத்தான் எண்ணித் தருவார்கள். 100 மில்லிலீற்றரில் ஈ.கோலை பூச்சியம் வர வேண்டும். இரண்டு தடவை குளோரின் போட்டும் பூச்சியம் வரவில்லையென்றால் பெரும்பாலும் மலக்குழி கசிகிறது. மலக்குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடிக்குக் குறைவா என்று அளந்து பாருங்கள். சுண்ணக்கல்லிலும் மணலிலும் 50 அடியும் போதாமல் போகலாம்.

இடையில் குடிக்க: தெளிந்த தண்ணியைக் குமிழி புரளக் கொதிக்கவிட்டு ஒரு நிமிடம். விறகு இல்லையென்றால் 5 சதவீத, மணம் சேர்க்காத வெளுப்புத் திரவம் லீற்றருக்கு 2 சொட்டு, கலங்கலென்றால் 4, அரை மணி நேரம் பொறுங்கள். குளோரின் வில்லையென்றால் பொதியில் உள்ள அளவைப் பாருங்கள், 67 மில்லிகிராம் வில்லை 20 லீற்றருக்கு. ஒன்றுமே இல்லாதபோது தெளிந்த தண்ணியை நிறமற்ற பிளாஸ்ரிக் போத்தலில் நிறைத்து, நல்ல வெயிலில் 6 மணி நேரம் தகரத்தின் மேல் படுக்க வையுங்கள், மப்பென்றால் இரண்டு நாள்.

## அறிகுறி 4: கேத்திலில் வெள்ளைப் படிவு, சவர்க்காரம் நுரைக்காது

கல் தண்ணி. சிறிய போத்தலில் பாதித் தண்ணி, சவர்க்காரச் சீவல் கொஞ்சம் போட்டுக் குலுக்குங்கள். நுரை நிற்காமல் தயிர்போல் திரைந்தால் கல் கூட. நியமம் லீற்றருக்கு 250 மில்லிகிராம். வன்னியில் பல கிணறுகள் இதைத் தாண்டும்.

கல் படிவு பில்டரைக் கொல்லும், ஆளைக் கொல்வது குறைவு. கேத்திலுக்கு வினாகிரியோ தேசிக்காயோ போதும். வீடு முழுக்க மென்நீராக்கும் கருவி வைப்பது இங்கே பெரும்பாலானோருக்கு வீண். அது கல்லை எடுத்துச் சோடியத்தை விடும், உயர் இரத்த அழுத்தக்காரர் இருக்கும் வீட்டில் அந்தத் தண்ணியைக் குடிக்கக் கொடுக்க முன் வைத்தியரைக் கேளுங்கள். குடிக்கும் அளவுக்கு மட்டும் ஆர்.ஓ., அல்லது ஊரில் இயங்கும் ஆர்.ஓ. நிலையத்தில் கலனில் வாங்குவது கணக்குக்குச் சரிவரும்.

## அறிகுறி 5: சவர்

மீற்றரில் 500க்கு மேல் போனால் நியமத்தைத் தாண்டியது, 1,000க்கு மேல் நாக்கே சொல்லும்.

காசு செலவழிக்க முன் இறைப்பை மாற்றிப் பாருங்கள். கரையோரத்தில் நல்ல தண்ணி உவரின்மேல் மிதக்கிறது. பூட் வால்வு (இறைக்கும் குழாயின் அடிமுனை வால்வு) அடியோடு அடியாகக் கிடந்தால் உவரைத்தான் இழுக்கும். வால்வைத் தண்ணி மட்டத்துக்குக் கீழே மூன்று அடியில் தூக்கிக் கட்டி, ஒரேயடியாக இரண்டு மணி நேரம் இறைக்காமல் அரை மணி நேரம் இறைத்து நிறுத்தி இறைத்துப் பாருங்கள். ஒரு கிழமை தினமும் மீற்றரில் எழுதி வாருங்கள். எண் இறங்கினால் பில்டர் தேவைப்படாமலே போகலாம். கிணற்றை இன்னும் ஆழமாக்கச் சொல்லுகிறவரின் பேச்சைக் கேட்காதீர்கள், அங்கே ஆழம்தான் பிரச்சினை.

இறங்காவிட்டால் ஆர்.ஓ. 2,000க்கு மேல் காட்டும் தண்ணிக்குச் சாதாரண வீட்டு ஆர்.ஓ. ஒத்துவராது. அங்கே மாரித் தண்ணியைக் கூரையில் இருந்து பிடித்துச் சேர்ப்பது மலிவு. தகரமோ ஓடோ, முதல் மழையைக் கழித்துவிட்டுப் பிடியுங்கள். அஸ்பெஸ்ரஸ் கூரை என்றால் குளிக்க, கழுவ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்.ஓ.வின் கழிவைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள். உப்பு திரும்பவும் உள்ளேதான் போகும்.

## அறிகுறி 6: தண்ணியில் ஒன்றும் தெரியவில்லை, பிள்ளைகளின் பல்லில் தெரிகிறது

நிரந்தரப் பல்லில் வெண்திட்டு, பிறகு மண்ணிறக் கறை. புளோரைட். நிறம், மணம், சுவை எதுவும் இல்லை. தண்ணி கண்ணாடிபோல் இருக்கும், குடிக்க இனிமையாகவும் இருக்கும். இலங்கை நியமம் லீற்றருக்கு 1 மில்லிகிராம். வெப்பமான நாட்டில் ஆள் கூடக் குடிப்பதால் உலக சுகாதார நிறுவனத்தின் 1.5ஐ விட இறுக்கமாக வைத்திருக்கிறார்கள்.

இதற்கு வீட்டுச் சோதனை கிடையாது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் இரசாயனப் பரிசோதனை கேளுங்கள், நைத்திரேற்றையும் சேர்த்துக் கேளுங்கள். வயலும் மிளகாய்த் தோட்டமும் சூழ்ந்த கிணறுகளில் உரம் இறங்கியிருக்கும், நியமம் 50. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் வீடென்றால் இது அவசரம்.

கேண்டில், காபன், கொதிநீர் மூன்றும் இங்கே உதவாது. ஆர்.ஓ. வேலை செய்யும். அலுமினாப் பில்டர் புளோரைட்டைப் பிடிக்கும், ஆனால் நிறைந்ததும் சொல்லாது, மாதக்கணக்கில் அளந்து புதுப்பிக்க ஆள் இல்லையென்றால் வாங்காதீர்கள். பக்கத்து வளவுக் கிணற்றில் அளவு குறைவாக இருக்கவும் கூடும். பில்டர் வாங்கும் காசில் கால்வாசிக்கு நாலு கிணற்றைப் பரிசோதிக்கலாம்.

வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் பற்றிய பயத்தைக் காட்டி விற்கும் பில்டர்கள் உண்டு. அந்த நோயின் காரணம் இதுதான் என்று ஆய்வாளர்கள் ஒருமுடிவுக்கு வரவில்லை, ஆகவே "சிறுநீரகப் பில்டர்" என்று ஒன்று கிடையாது. வீட்டில் நோயாளி இருந்தால் ஆய்வறிக்கையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.

## அறிகுறி 7: மணம்

அழுகிய முட்டை மணம் கிணற்றிலேயே இருந்தால் 15 நிமிடம் இறைத்துப் பாருங்கள், தேங்கிய குழாய்க் கிணறென்றால் போய்விடும். போகாவிட்டால் காற்றூட்டுங்கள் (அறிகுறி 2இன் முதல் பரல்). குழாயில் மட்டும் என்றால் தாங்கியின் அடிச்சேறு. டீசல், மண்ணெண்ணெய், பூச்சிமருந்து மணமென்றால் பில்டர் தேடாதீர்கள், குடிப்பதை நிறுத்திப் பரிசோதகரைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 8: பில்டர் தண்ணிதான் குடிக்கிறோம், வயிற்றோட்டம் நிற்கவில்லை

முதலில் வடித்தபின் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பில்டரின் குழாய்வாய், கீழ்ப் பாத்திரம், கைவிட்டு அள்ளும் பேணி. பெரும்பாலும் இங்கேதான். கீழ்ப் பாத்திரத்தைக் கிழமைக்கொரு தடவை கொதிநீரால் கழுவுங்கள், குழாய்வாயைக் கழற்றிப் பிரஷ் போடுங்கள்.

அடுத்தது வெடிப்பு. நனைந்த கேண்டிலைத் தண்ணியில் அமிழ்த்தி, தண்டுக் குழாயால் ஊதுங்கள். ஒரே இடத்தில் இருந்து குமிழி ஓடினால் வெடித்திருக்கிறது, ஒட்டிப் பாவிக்க வேண்டாம். தண்டைச் சுற்றிக் குமிழி வந்தால் வாஷர் மாற்றினால் போதும். நுண்குழாய் பில்டரையும் நனைத்துவிட்டு ஊதிப் பாருங்கள்: நனைந்த நுண்குழாய் காற்றை விடாது. தடையில்லாமல் காற்றுப் போனால் உள்ளே அறுந்துவிட்டது. கீழே விழுத்திய பில்டர்களில் இது நடக்கும்.

இரண்டும் சரியென்றால் வைரசாக இருக்கலாம். வடித்த தண்ணிக்குக் குளோரின் போடுங்கள் அல்லது கொதிக்க வையுங்கள். காய்ச்சல், இரத்தம், கண் மஞ்சள், குழந்தைக்குச் சோர்வு என்று வந்தால் பில்டரை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

## அறிகுறி 9: பயணத்தில் குளத்துத் தண்ணி பச்சை

ஆவணியில் மடு மாதா கோயிலுக்குப் போய்க் கூடாரம் அடிப்பவர்களுக்கும், செல்வச்சந்நிதிக் கோயிலில் இருந்து கதிர்காமத்துக்கு நடப்பவர்களுக்கும் கோடைக் குளம்தான் கண்முன் இருக்கும். மேலே பச்சை நிறப் பூச்சுப் பூசினதுபோல் படை மிதந்தால் அந்தக் குளத்தை விடுங்கள். நீலப்பச்சைப் பாசியின் நஞ்சைக் கொதிநீரும் அழிக்காது, நுண்குழாய் பில்டரும் பிடிக்காது. வயல் வாய்க்காலும் அப்படித்தான், பூச்சிமருந்துத் தெளிப்புக்குப் பின் எந்தப் பை பில்டரும் அந்தத் தண்ணியைச் சுத்தமாக்காது.

படை இல்லாத, வெறும் கலங்கல் என்றால் நாலாக மடித்த பழைய பருத்தி வேட்டியால் முதலில் வடித்து, ஒரு மணி நேரம் அடங்கவிட்டு, நுண்குழாய் பில்டரால் அமத்தி, கடைசியாகக் குளோரின் வில்லை. ஆடுமாடும் ஆட்களும் இறங்கும் குளத்தில் பில்டர் மட்டும் போதாது. ஒருவருக்கு நாளொன்றுக்குக் குடிக்க நாலு லீற்றர் என்று கணக்கிட்டு, கோடையில் நடப்பவர்களுக்கு ஆறாக்குங்கள். பில்டர் வாங்கக் காசு இல்லையென்றால் 20 லீற்றர் கலன் ஒன்று, வில்லை ஒரு அட்டை, வேட்டித் துண்டு ஒன்று. தெளிந்த கிணற்றுத் தண்ணி கிடைக்கிற பாதையில் அவையே தாராளம்.